மீனுக்கு எமில்டா சொன்ன சாட்சி

எமில்டாவின் கை நடுங்காது. அதுதான் அவளுக்குச் சோறு போட்டது. தூத்துக்குடியில் பியூட்டி பார்லர் தெருவுக்கு இரண்டு இருக்கிறது. ஆனால் ஊசியால் மயிர் மயிராக மை ஏற்றி, சொந்தப் புருவம் போலவே தெரியும்படி செய்ய அவளை விட்டால் ஆள் இல்லை என்று பேர். உதட்டில் வெண்புள்ளி விழுந்த மூன்று பெண்களுக்கு நிறம் ஏற்றிக் கொடுத்து, கல்யாணம் நல்லபடியாக முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்தவள். நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைதான் எல்லாம்.

கப்பல் ஏஜென்சி நடத்தும் ரெக்ஸ் ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தார். அவர் மனைவி எமில்டாவின் பழைய வாடிக்கை. வந்தவர் போனை நீட்டினார். அதில் ஒரு மீன். கோய் என்று சொல்கிற ஜப்பான் கெண்டை. உடம்பு முழுக்க வெள்ளை, நெற்றியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. அந்த வகைக்கு டாஞ்சோ என்று பெயர் என்றும், பொட்டு எவ்வளவு வட்டமோ அவ்வளவு மதிப்பு என்றும் ரெக்ஸ் சொன்னார். அவருடைய மீனின் பொட்டில் இடது பக்கம் எலி கடித்தாற்போல் ஒரு குறை. மூக்கருகே மூன்று கறுப்புப் புள்ளிகள்.

“மனுசப் புருவத்தையே மாத்துத. இத மாத்த முடியாதா எமில்டா?”

அவள் சிரித்தாள். சிரித்தாலும் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழகுவதற்கென்று ரெக்ஸ் மலிவு மீன்களாகப் பதினொன்று வாங்கிக் கொடுத்தார். தண்ணீரில் கிராம்பு எண்ணெய் விட்டால் மீன் மயங்கிச் சாயும். ஈரத்துண்டில் கிடத்தி, செவுள் அசைவதைப் பார்த்துக்கொண்டே ஐந்தாறு நிமிடத்தில் வேலையை முடித்துவிட வேண்டும். முதல் மீன் செத்தபோது எமில்டா சாப்பிடாமல் படுத்தாள். நாலாவது செத்தபோது எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். ஏழாவதிலிருந்து சாகவில்லை. பன்னிரண்டாவதாக ரெக்ஸின் மீனே துண்டில் கிடந்தது. கறுப்புப் புள்ளிகளைச் சுரண்டி எடுத்து, பொட்டின் குறையை மூன்று தவணையில் நிரப்பினாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது எது பிறவி நிறம், எது தான் போட்டது என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. அன்று அவளுக்கு இருந்த சந்தோஷம் எந்த மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தும் வந்ததில்லை.

ஜனவரியில் தூத்துக்குடியிலேயே போட்டி நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் நீல நிறத் தொட்டிகளை வரிசையாக வைத்து, காற்றுக் குழாய்களை ஓடவிட்டிருந்தார்கள். எமில்டா தன் வேலையை வெளிச்சத்தில் பார்க்கும் ஆசையில் போனாள். யாரும் கேட்டால் ரெக்ஸ் அண்ணன் குடும்பத்துக்குத் தெரிந்தவள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நடுவர் காயல்பட்டினம் இப்ராஹீம் சாகிபு. ஹாங்காங்கில் இருபது வருஷம் ரத்தினக் கல் வியாபாரம் பார்த்தவர். அங்கேதான் மீன் பார்க்கவும் படித்தார். காசுக்கோ முகத்துக்கோ மசியாதவர் என்று எல்லோருக்கும் தெரியும். டாஞ்சோ வரிசையில் கடைசியாக இரண்டு மீன்கள் நின்றன. ஒன்று ரெக்ஸுடையது. மற்றது புன்னைக்காயல் பாஸ்கலுடையது. பாஸ்கல் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். மீனை வளர்த்ததெல்லாம் அவன் மனைவி சந்தனச்செல்விதான். குளோரின் போக வேண்டும் என்று லாரித் தண்ணீரை இரண்டு நாள் வெயிலில் வைத்துத் தொட்டிக்கு ஊற்றுவாள். மழைநாளில் மொட்டை மாடிக்குப் போய்த் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

சாகிபு இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே வெகுநேரம் நின்றார்.

“ரெண்டு பொட்டும் காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி இருக்கு. படைச்சவன் இவ்வளவு வட்டமா ஒண்ணு போடலாம். ஒரே ஊர்ல ரெண்டு போட்டான்னா எனக்குச் சந்தேகமா இருக்கு,” என்றார். “மை குத்துன மீனுன்னா கோப்பையும் கிடையாது, ரெண்டு வருஷம் போட்டியும் கிடையாது. ஆனா தோலப் பத்தி எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன்.”

ரெக்ஸ் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “தெரிஞ்ச ஆளு இங்கனயே இருக்கே சாகிபு. எமில்டா. தோல்ல மை ஏத்துறதுல டிப்ளமா வாங்குனவ. மனுசத் தோலுல கண்டுபிடிக்கிறவளுக்கு மீனு என்ன?”

எமில்டா ரெக்ஸைப் பார்த்தாள். ரெக்ஸ் அவளைப் பார்க்கவே இல்லை. சாகிபு பாஸ்கலிடம் கேட்டார்: “உனக்குச் சம்மதமாப்பா?”

“தாராளமா பாக்கட்டும்,” என்றான் பாஸ்கல். எமில்டாவின் பக்கம் திரும்பி, “நல்லா பாருங்கக்கா. நான் கப்பல்ல கெடக்குறவன். எம் பொண்டாட்டி பிள்ள மாதிரி வளத்த மீனு,” என்றான். பின்னால் துண்டோடு நின்ற செல்வி வெட்கப்பட்டுச் சிரித்தாள். “எக்கா, நெத்தியத் தொட்டா துள்ளுவான். மெதுவா,” என்றாள்.

சாகிபு ஒரு நிபந்தனை போட்டார். ரெண்டுக்கும் ஒரே சோதனை. ஒரே பிளேடு, ஒரே பஞ்சு. பொட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு சுரண்டி, பஞ்சில் ஒற்றி, வெள்ளைத் தட்டில் வைத்து ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். ரெக்ஸின் மீன் முதலில்.

எமில்டா மீனைத் துண்டில் வாங்கினாள். இடது பக்கம். தான் நிரப்பிய இடம் அவளுக்கு மட்டும் தெரிந்தது. கூர்முனை பட்டால் மை வந்துவிடும். பிளேடைத் திருப்பினாள். முதுகுப் பக்கத்தால் அழுத்தி இழுத்தாள். இரண்டடி தள்ளி நின்ற சாகிபுக்குச் சுரண்டியது போலத்தான் தெரிந்தது. பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

பிறகு செல்வியின் மீன். லென்ஸை வைத்துப் பார்த்த மாத்திரத்தில் எமில்டாவுக்குத் தெரிந்துவிட்டது. துளி மை இல்லை. பிறவிச் சிவப்பு. அவள் ஆறு மாதம் ராப்பகலாக உழைத்து எட்டிய வட்டத்தை இந்த மீன் ஒரு மொட்டை மாடியில் சும்மா கிடந்து வாங்கியிருந்தது. இதுவும் சுத்தம் என்று சொல்லியிருந்தால் இரண்டும் போட்டியில் நின்றிருக்கும், சாகிபு தன் கண்ணை வைத்து முடிவு செய்திருப்பார். செல்வியின் மீன் பக்கம்தான் முடிவு செய்திருப்பார் என்பதும் எமில்டாவுக்குத் தெரியும்.

கூர்முனையை வைத்தாள். வேண்டியதைவிட ஆழமாக இழுத்தாள். மீன் துண்டோடு துள்ளியது. செல்வி, “ஐயோ, மெதுவாக்கா!” என்று கத்தினாள். பஞ்சு சிவந்து வந்தது.

“ரத்தம்லா அது?” என்றார் சாகிபு.

“ரத்தமும் இருக்கு. ரத்தம் கொஞ்ச நேரத்துல கறுத்துரும் சாகிபு. மைன்னா கறுக்காது. பாருங்க.”

பிறவி நிறமும் தோலோடு உரிந்து வரும், அதுவும் கறுக்காது என்பதைப் பதினொரு மீன்களைச் சுரண்டிப் படித்தவள் அவள். தட்டில் ரத்தம் பழுப்பாகி உலர்ந்தது. நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல் அப்படியே இருந்தது. சாகிபு கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஐந்து நிமிடம் நின்றார். யாருக்கும் அநியாயம் செய்துவிடக் கூடாது என்கிற கவலை அவர் முகத்தில் இருந்தது.

“பொய்!” என்றான் பாஸ்கல். “இந்தா, போன வருசம் நான் கப்பலேறுறப்ப எடுத்த படம். அப்பவே செவப்பு இருந்துச்சு பாருங்க.”

சாகிபு படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு பாஸ்கலிடமே திருப்பிக் காட்டினார். படத்தில் பொட்டு நீளவாக்கில் இருந்தது. கீழே ஒரு வால்கூட இருந்தது.

“அது... வளர வளர வட்டமாயிட்டுன்னு இவ சொன்னா,” என்றான் பாஸ்கல். குரல் இறங்கிவிட்டது. மீன் வளரும்போது பொட்டு மாறும் என்பது சாகிபுக்கும் தெரியும். ஆனால் தட்டில் பஞ்சு இருந்தது. முறை என்றால் முறைதான் என்று சொல்லித் தாளில் எழுதினார்.

பாஸ்கல் மனைவியின் பக்கம் திரும்பினான். “நான் கப்பல்ல கெடக்கும்போது எவன் வீட்டுக்கு வந்து இத செஞ்சான்?” என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். ஆனாலும் மண்டபமே கேட்டது.

ரெக்ஸுக்குக் கோப்பை. மேடையில் எமில்டாவையும் கூப்பிட்டு, போட்டியின் நேர்மையைக் காப்பாற்றியவர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். நிபுணர் மேடம் என்று மைக்கில் சொன்னார்கள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அவள் மறைக்க முடியாது. அந்த வாரமே கல்யாண ஆர்டர் நாலு வந்தது.

பத்து நாள் கழித்துச் சந்தனச்செல்வி பார்லருக்கு வந்தாள். முகத்தில் பவுடர் கூடுதலாகப் போட்டிருந்தாள். எங்கே, எதை மறைக்கப் போட்ட பவுடர் என்று கண்டுபிடிக்க எமில்டாவுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. இடது கன்னத்து எலும்பு.

“எக்கா, எங்க வீட்டுக்காரவ எம் போனப் பிடுங்கி வச்சிக்கிட்டாவ. தண்ணி லாரிக்காரரு, மோட்டார் ரிப்பேருக்கு வந்தவரு, எல்லாருக்கும் போன் போட்டு அசிங்கமா கேக்குறாவ. மீன் தீனிக் கடை பெவின் இருக்கான்லா, ரெண்டு தடவ மருந்து கொண்டுவந்து குடுத்தான். கடைக்குள்ள போயி அவன அடிச்சி வாயக் கிழிச்சிட்டாவ. ஊரே பாத்துது. எங்க மாமியா எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்காவ.”

“இதுக்கு நான் என்ன செய்ய முடியும் செல்வி?”

“தப்பாயிட்டு, கண்ணு மயங்கிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாவ. கோப்ப வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

எமில்டா யோசித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால் சாகிபு மறுபடியும் பிளேடை எடுக்கச் சொல்வார், இந்த முறை வேறு ஆளிடம். ரெக்ஸின் மீனில் மை வரும். மீனுக்கு மை குத்தியவள் என்று பேர் வந்தால், உதட்டுக்கு நிறம் போட்ட மூன்று பெண்களின் வீட்டிலும் பேச்சு கிளம்பும். அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

“ஒண்ணு செய்யலாம்,” என்றாள். “அவன் கேக்குறது என்ன? வந்தது எவன்னுதான? ஆம்பள இல்ல, பொம்பளன்னு தெரிஞ்சா ஆறிருவான். எங்கிட்ட வேல பாத்த அனிஷா இப்ப கத்தார்ல இருக்கா. நீதான் மீன வாளியில வச்சு அவகிட்ட கொண்டுபோன, அவதான் போட்டான்னு சொல்லுதேன். கைவேலையப் பாத்ததுமே அவதான்னு எனக்குத் தெரிஞ்சிட்டு, ஒனக்காகத்தான் வாயத் தொறக்கலன்னு சொல்லுதேன். நீ ஆமான்னு மட்டும் சொல்லு.”

செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “செய்யாதத செஞ்சேன்னு சொல்லணுமா?”

“குடும்பம் பொழைக்கணும்லா?”

“எக்கா.” செல்வி குரலைத் தாழ்த்தினாள். “அந்த மீன்ல மை இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?”

எமில்டா எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தாள். “தண்ணி குடிக்கியா?” என்று கேட்டாள்.

செல்வி குடிக்கவில்லை. கதவுவரை போய்த் திரும்பி, “ஞாயித்துக்கிழம வாங்க. பூச முடிஞ்சு வீட்ல இருப்பாவ,” என்றாள்.

புன்னைக்காயலில் பாஸ்கலின் வீட்டில் எல்லாம் கால்மணி நேரத்தில் முடிந்தது. எமில்டா தங்குதடையில்லாமல் சொன்னாள். என்றைக்குக் கொண்டுவந்தாள், எந்த வாளி, எத்தனை தவணை என்பதுவரை சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பாஸ்கல் மனைவியைப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் செல்வி ஆமா என்றாள். நாலாவது ஆமாவில் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்து எமில்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“எங்கூடப் பெறந்தவ கூட இப்பிடி வந்து சொல்லமாட்டாக்கா. பைத்தியம் பிடிச்சிருக்கும் எனக்கு.” செல்வியிடம், “ஒரு கோப்பைக்கு ஆசப்பட்டு என்ன ஏமாத்திட்டியே ஏளா? இத மொதல்லயே சொல்லித் தொலைக்கதுக்கு என்ன?” என்றான். கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அன்றே செல்வியை நிற்கவைத்துப் போனில் வீடியோ எடுத்தான். கணவருக்குத் தெரியாமல் மீனுக்கு மை குத்தியது நான்தான், நடுவரும் மற்றவர்களும் மன்னிக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அனிஷாவின் பெயரையும் சொன்னாள். முதல் தடவை குரல் சரியாக விழவில்லை என்று பாஸ்கல் மறுபடியும் சொல்லச் சொன்னான். மீன் வளர்ப்போர் குரூப்புக்கு அனுப்பினான். நேர்மையான குடும்பம் என்று இப்ராஹீம் சாகிபு முதல் ஆளாகப் பதில் போட்டார்.

பிறகு பாஸ்கல் மொட்டை மாடிக்குப் போனான். எமில்டாவும் போக வேண்டியதாயிற்று. தொட்டியில் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நெற்றியில் அவள் சுரண்டிய இடத்தில் பஞ்சு போல வெள்ளையாகப் பூசணம் பிடித்து, பொட்டில் பாதியைத் தின்றிருந்தது. செவுள் இன்னும் அசைந்தது. பாஸ்கல் வலையால் அள்ளி, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வீசினான். கீழே சந்தில் பூனைகள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. மாடிப்படியில் நின்றிருந்த செல்வி அப்படியே இறங்கிவிட்டாள்.

மறுவாரம் கத்தாரிலிருந்து அனிஷாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. “எக்கா, நான் மீனத் தொட்டது கூட இல்லயே. எதுக்கு எம் பேரு? எங்கம்மா அழுறாவ. இங்க எங்க மேடம் அந்த வீடியோவப் பாத்துட்டு, கஸ்டமர் முகத்தத் தொடாதன்னுட்டா.” எமில்டா அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு அழித்துவிட்டு, அனிஷாவின் எண்ணை பிளாக் செய்தாள். அன்று மாலை ரெக்ஸ் வீட்டில் புதிதாக ஒரு மீன் துண்டில் கிடந்தது. ஐந்து நிமிடத்தில் முடித்தாள்.

பாஸ்கல் மார்ச்சில் கப்பலேறினான். ஏறுவதற்கு முந்தின நாள் பார்லருக்கே வந்து, மணப்பாட்டு அல்வா ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனான். சிங்கப்பூரிலிருந்து முதல் போன் வந்தது.

“எக்கா, ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? செல்வி ஒருதடவ பொய் சொன்னவ. மனசு அடங்க மாட்டேங்கு. ஞாயித்துக்கிழமதோறும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாரியளா? யாரு வாரா, யாரு போறான்னு. ஒங்க கண்ணுக்குத் தப்பாது.”

முடியாது என்று சொல்லத்தான் எமில்டா வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பான். “சரி தம்பி,” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் புன்னைக்காயல் போனாள். செல்வி கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டாள். படுக்கையறை. அடுக்களை. குளியலறை. பீரோவைக்கூடத் திறந்து காட்டினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க வசதியாகப் போர்வையைத் தூக்கிப் பிடித்தாள். அவள் மெலிந்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

“மாடியையும் பாத்துருங்க. தொட்டி காலியா இருக்கு,” என்றாள்.

“வேண்டாம் செல்வி.”

“பாத்துருங்கக்கா. பாக்காம சொன்னியன்னு நாளைக்கு வந்துரக் கூடாது.”

எமில்டா மாடி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். செல்வி டீ போட்டு வைத்திருந்தாள். எமில்டா குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சொன்ன நேரத்துக்குப் பாஸ்கல் கூப்பிடுகிறான். செல்வி சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கும் கேட்க வேண்டும் என்று எமில்டா ஸ்பீக்கரைப் போட்டாள்.

“போனியளாக்கா?”

“இங்கனதான் இருக்கேன் தம்பி. யாரும் வரல, போகல. ஒழுங்காத்தான் இருக்கா.”

எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பாஸ்கலின் குரல் உயர்ந்தது.

“ஒழுங்கா இருக்கான்னா ஏன் போன்ல சரியா பேச மாட்டேங்கா? ரெண்டு வார்த்தைக்கு மேல வரமாட்டேங்கு. மனசுல எதயோ வச்சிருக்கா. நீங்க சொல்லுங்க, ஒங்களுக்குத் தெரியும்லா. ஏதோ இருக்குல்ல?”

எமில்டா நிமிர்ந்து செல்வியைப் பார்த்தாள். செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க நின்றிருந்தாள், அவ்வளவுதான்.

ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னால், எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று பாஸ்கல் தோண்டுவான் என்று எமில்டாவுக்குத் தோன்றியது. தோண்டினால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

“இன்னைக்கு ஒருநாள் பாத்து எப்பிடித் தம்பி சொல்ல முடியும்?” என்றாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. “அடுத்த வாரமும் வந்து பாக்கேன்.”

“அதான் நல்லது. விடாம பாருங்க,” என்றான் பாஸ்கல்.

செல்வி பாதி டீயோடு இருந்த டம்ளரை எமில்டாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய், கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கழுவத் தொடங்கினாள்.